பாலாற்றின் இரண்டு முனைகள்: அப்பாவோடு மூன்று சின்ன நடைகள்

சனிக்கிழமை காலை மழை இல்லையென்றால் நாங்கள் தேம்ஸ் ஓரமாக நடக்கப் போவோம். லண்டனில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது தெரிந்ததுதான். செலவில்லாத பொழுதுபோக்கு, சமதரை, குழந்தைகளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகலாம். சதர்க் பாலத்தின் வடக்குப் பக்கம் ஏறினால் குயின் ஸ்ட்ரீட் பிளேஸ் என்று ஒரு குட்டித் தெரு வரும். மற்றவர்களுக்கு அது வெறும் அலுவலகத் தெரு. எனக்கு அங்கே கால் தானாக நின்றுவிடும். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற கம்பெனியின் அலுவலகம் இருந்த தெரு அது. கோலார் தங்கவயலில் என் தாத்தா எந்த ஆழத்தில் இறங்கவேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் இந்தத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் என் பெண் கேட்டாள், "நம்ம ஊர்ல ஆறு இல்லையாப்பா?"

"இருக்கும்மா, பாலாறு."

"அதுல தண்ணி இருக்குமா?"

வங்கிக்காரனுக்குக் கையிருப்பு எவ்வளவு என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். அன்று என்னால் சொல்ல முடியவில்லை. போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அந்தக் கேள்வியையும் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அப்பாவுக்கு எண்பது தொட்டாயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மூடுவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது பத்து நிமிஷம் நடந்தால் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். ஆகவே நான் சொல்லப்போகும் நடைகள் எல்லாமே எண்பது வயதுக்காரர் நடந்து காட்டியவை. நீங்களும் பயப்படாமல் பெரியவர்களைக் கூட்டிப் போகலாம்.

முதல் நடை ஊருக்குள்ளேயே. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் ஏறி ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளுங்கள். 1894-ல் போட்ட பாதை இது. அப்போது பங்காருப்பேட்டைக்குப் பெயர் பௌரிங்பேட்டை. ஊரிகத்திலிருந்து சாம்பியன் ரீஃப் பக்கம் மெதுவாக நடந்தால் லைன் வீடுகள், கோயில், மாதா கோயில், புத்த விகாரை எல்லாம் பார்க்கலாம். பழைய ஷாஃப்ட்களின் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தச் சயனைட் மேடுகள். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மண் அது, சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். சின்ன வயசில் எங்களுக்கு அவைதான் மலை. (சினிமா பார்த்துவிட்டு 'கே.ஜி.எஃப்' என்றதும் கண்ணை விரிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: 2018-ல் வந்த அந்தப் படத்தில் மேடுகள் மட்டும் எங்களுடையவை, கதை இல்லை.) மேட்டின் மேல் ஏறவேண்டாம், காற்றடித்தால் தூசி கண்ணைத் திறக்கவிடாது. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊரில் டீக்கடைக்கு டீக்கடை இதுதான் பேச்சு.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1802-ல் லெப்டினன்ட் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் கிராமத்தார் மண்ணிலிருந்து தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். எழுபது வருஷம் கழித்து லவெல் என்ற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிவந்த சிப்பாய், மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் ஒழுங்காகக் கிடைத்தது. கடைசியில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையைத் தொட்டால் சுடும் என்பார் அப்பா. அந்தச் சுரங்கத்தில்தான் 1965-ல் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். சுரங்கம் 1956-ல் மைசூர் அரசிடமும் 1962-ல் மத்திய அரசிடமும் போய், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது.

பூமிக்கடியில் இறங்க ஆள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வடஆற்காடு மாவட்டத்திலிருந்து. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துச் சனங்கள், அதிகம் பேர் நிலமில்லாத தலித் மக்கள். ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாதவர்களுக்கு இங்கே கையில் காசும் தங்கத் தட்டி வீடும் கிடைத்தது. எழுத்தும் சங்கமும் பின்னாலேயே வந்தன. அயோத்திதாசர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914-ல் மறைந்த பிறகு, 1926-லிருந்து எங்கள் ஊரிலிருந்து வெளிவந்தது. ஆசிரியர் ஜி.அப்பாதுரையார். இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய் :-)

எங்கள் கொள்ளுத்தாத்தா ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்தே வந்தவர். எந்த வழியாக வந்தார் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஆத்த புடிச்சிக்கினே வந்தா வழி தப்பாதுன்னு சொல்வாரு" என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பாலாறு வேறு மாதிரி தெரிந்தது. அந்த ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு ஏறிவந்த கூட்டம்தான் நாங்கள்.

இரண்டாவது நடை பேத்தமங்கலம். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏரிக்கரை நீளமானது, சமதரை, காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் தெரியாது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாற்றை இங்கே குறுக்கே மறித்திருக்கிறார்கள். ஆனால் மறித்தது வெள்ளைக்காரன் இல்லை. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம், பாண மன்னன் பெயர். 10-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஏரியை நொளம்ப மன்னர் பழுதுபார்த்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் வருஷமாக உடைவதும் கட்டுவதுமாகவே இருந்திருக்கிறது.

1900-களின் தொடக்கத்தில் இங்கிருந்து வடிகட்டிய தண்ணீரைக் குழாய் போட்டுத் தங்கவயலுக்கு ஏற்றினார்கள். அதே சமயம் 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் கரண்ட். தங்கத்துக்காகக் காவிரி ஒரு பக்கமும் பாலாறு ஒரு பக்கமும் வேலை செய்தன.

இங்கேதான் ஒரு குடும்பச் சண்டை. லீவுக்கு ஆம்பூர் பக்கம் போனால் அம்மாவின் அம்மா, எங்கள் ஆயா, வெறும் மணலைக் காட்டிச் சொல்வார்கள்: "உங்க ஊர்க்காரங்க தண்ணிய நிறுத்திட்டாங்கடா." எனக்கு அழுகை வரும். ஏனென்றால் எங்கள் லைனில் பொதுக்குழாயில் வந்தது பாலாற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். மேலே குடித்ததும் நாங்கள், கீழே காய்ந்ததும் நாங்களேதான்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். 1892-ல் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. (ஒப்பந்தம் என்றால் கடைசியில் இருக்கும் அட்டவணையைத்தான் முதலில் படிப்பேன், தொழில் புத்தி.) அட்டவணையில் பாலாறும் இருக்கிறது. சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிதாக அணை கட்டக்கூடாது. ஆனால் காகிதம் காகிதமாகவே இருக்க, மேலே நூற்றுக்கணக்கான ஏரிகள், ஆந்திரத்தில் தடுப்பணைகள், கீழே மணல் கொள்ளை, ஆழ்துளைக் கிணறுகள் என்று ஆறு எல்லாப் பக்கமும் தேய்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு வேறு. அதற்காக உச்ச நீதிமன்றம் 1996-ல் ஒரு தீர்ப்பும் 2025 ஜனவரியில் இன்னொன்றும் தர வேண்டியிருந்தது. ஆயாவின் குற்றப்பத்திரிகையில் எங்கள் பங்கு உண்டு. ஆனால் நாங்கள் முதல் குற்றவாளி இல்லை என்பது என் தணிக்கை முடிவு. ஆயா உயிரோடு இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு வரும்போது கேட்டுக்கொண்டு வராது என்பதையும் சொல்லவேண்டும். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. 2021 நவம்பரில் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அந்த மாதம் பேத்தமங்கலமும் வழிந்தோடியது. அப்பாவை யாரோ பைக்கில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். எனக்கு வாட்ஸப்பில் வீடியோ வந்தது, வீடியோவில் தண்ணீரைவிட அப்பாவின் குரல்தான் அதிகம்.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் கேட்டார்: "இது எங்கடா போய்ச் சேருது?" எண்பது வருஷம் பாலாற்றுத் தண்ணீர் குடித்தவர் அதன் முடிவைப் பார்த்ததே இல்லை. சென்னைக்குப் போய் விமானம் ஏறவேண்டிய பயணத்தில் ஒரு நாளை இழுத்துச் சேர்த்தேன்.

மூன்றாவது நடை சதுரங்கப்பட்டினம், வெள்ளைக்காரர் வாயில் சதராஸ். கல்பாக்கத்தை ஒட்டியது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்றக் கோட்டை கட்டினார்கள். உள்ளே அவர்கள் கல்லறைகள், மேலே பூவேலையும் எழுத்தும் செதுக்கிய கற்கள். என் பெண் ஒவ்வொன்றிலும் வருஷத்தை விரலால் தடவிப் படித்தாள். 1782-ல் இந்தக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் மோதின. 1825-ல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டைக்குப் பின்னால் நேராகக் கடற்கரை. மணலில் அப்பாவுக்குக் கால் புதைந்தது, அதனால் கோட்டைச் சுவரோரமாகவே நடத்திக் கூட்டிப்போனோம். அலை முரட்டுத்தனமானது, குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

அங்கிருந்து காரில் தெற்கே வாயலூர். ராஜசிம்ம பல்லவன் தன் வம்சாவளியைத் தூணில் வெட்டிவைத்த ஊர். பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு முன்னால் தடுப்பணை. கார்த்திகை மழை பெய்து முடிந்த சமயம், தண்ணீர் தளும்பி நின்றது, நாரைகள் நின்றன.

அப்பா வண்டியிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். குனிய முடியவில்லை. என் பெண் இரண்டு கையிலும் அள்ளி அவரிடம் நீட்டினாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்ல" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "ஊர்ல நம்ம குழாயில வர்ற அதே தண்ணி தாம்மா" என்றார். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.