நீலகிரியில் தெரிந்த அரிவாள் அணு

அரிவாள் செல் ரத்தசோகை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வரும் நோய் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1910-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலில் விவரித்த நோயாளி, கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பின மாணவர். நம்பிக்கை அங்கிருந்தே வேர்விட்டது.

அதை அசைத்த இடங்களில் ஒன்று நீலகிரி. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த மலையின் பழங்குடியினரிடம் இதே அரிவாள் அணுக்கூறு இருப்பதைக் காட்டியது. இருளரிடம் அது மிக அதிகம். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது.

இந்தக் கூறைக் கண்டறியும் சோதனை எளியதுதான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம். அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கும் ரசாயனம் கொஞ்சம். மேலே மெல்லிய மூடி. சிறிது நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், கூறு உள்ளவரிடம் வட்டமாக இருந்த சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து அரிவாள் வடிவத்தில் கிடக்கும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்பதை வெர்னான் இங்க்ராம் 1950-களில் நிறுவினார். விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது எலும்புக்குள் எழும் வலி குழந்தைகளைத் துடிக்க வைக்கும்.

இவ்வளவு கொடிய மரபணு ஏன் அழிந்துபோகவில்லை? 1954-ல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் விடை கண்டார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. கூடலூர், வயநாடு காடுகள் மலேரியாவுக்குப் பேர்போனவை என்பதை நினைத்தால், இந்த மலைகளில் அது தங்கியதில் வியப்பில்லை. இந்திய வகை ஆசியாவிலேயே தனியாகத் தோன்றியது என்று 1986-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வாதிட்டது. ஆக, இது இனத்தின் அடையாளமே அல்ல. கொசு நிறைந்த நிலங்களில் மனித உடல் கொடுத்த விலை.

மரபணுவை ஒருபக்கமாக மட்டும் சுமப்பவர் நோயாளி அல்லர். இதை உரக்கச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் பரிசோதனையே பழியாகிவிடும். இப்படிச் சுமப்பவர்கள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

நீலகிரி ஆய்வுக்குப் பிறகு 71 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம், நோயை ஒழிக்க இலக்கு ஆண்டு 2047. இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளை மன்னிக்க முடியாது. கூடலூரில் ஆதிவாசிச் சமூகங்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கிய மருத்துவமனை, அரசுக்கு வெகுமுன்பே இந்த நோயாளிகளைக் கவனித்துவந்தது.

ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை, கருவிலிருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டி, வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. ஆனால் அதை உண்பவருக்கு ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான வசதி மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் போதாது; மலை கிராமத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும்.