விழுங்கும் குளிகையில் ஒரு கண்

நீங்கள் விழுங்கும் ஒரு கவளம் சோறு இரைப்பையை அடையச் சில விநாடிகளே ஆகின்றன. அது கடந்து செல்லும் உணவுக்குழாயின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. இந்தச் சிறு குழாயின் உட்புறத்தை எளிதாகக் காணும் வழியைத் தேடி மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள்.

1868-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் வளையாத உலோகக் குழாய் ஒன்றை அமைத்தார். அதை யார் விழுங்குவது? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்துச் சோதித்தார். குழாய் இறங்கியது, ஆனால் உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. 1957-இல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளாலான வளையும் கருவியை முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். இன்றைய எண்டோஸ்கோப்பின் முன்னோடி அதுவே. எனினும் குமட்டல், மயக்க மருந்து, தனி நிபுணர் ஆகிய தொல்லைகள் நீங்கவில்லை.

இதில் எளிமை ஏன் வேண்டும்? இரைப்பை அமிலம் பல்லாண்டுகள் மேலேறி வந்தால், உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிப்போகலாம். இதற்கு 'பாரெட் உணவுக்குழாய்' என்று பெயர். சிலருக்கு இது புற்றுநோயாக முடிகிறது. விழுங்குவது கடினமான பிறகே பலர் மருத்துவரை நாடுகிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

2000-இல் இஸ்ரேலியப் பொறியாளர் காவ்ரியேல் இடான் குழுவினர், கேமராவும் மின்கலமும் அடங்கிய குளிகையை உலகுக்கு அறிவித்தனர். குழாயும் இல்லை, கம்பியும் இல்லை! மெதுவாக நகரும் சிறுகுடலில் விநாடிக்கு 2 படங்கள் போதும். உணவுக்குழாயிலோ குளிகை நொடியில் வழுக்கிச் சென்றுவிடும். ஆகவே இரு முனைகளிலும் கேமரா பொருத்தி, விநாடிக்கு 14 படங்கள் எடுக்கும் குளிகை 2004-இல் வந்தது. ஆயினும் அதை நிறுத்தவோ திருப்பவோ இயலாது.

இதற்கு விடை என்ன? நூல்தான்! 2013-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கில்லர்மோ டியர்னியின் குழுவினர் குளிகையை மெல்லிய வடத்தில் கட்டினர். வடத்தினுள் செல்லும் கண்ணாடி இழை வழியாக அகச்சிவப்பு லேசர் ஒளி பாய்ந்து, சுழன்று, உணவுக்குழாய்ச் சுவரின் நுண்ணிய அடுக்குகளைப் படமாக்குகிறது. மேலும் கீழுமாக நான்கு முறை பார்க்கச் சுமார் 6 நிமிடங்கள்; மயக்க மருந்து வேண்டாம். வெளியே இழுத்துத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தலாம். பொது மருத்துவரின் மருத்துவகத்திலேயே இதைச் செய்து பார்த்த அனுபவம் 2016-இல் வெளியிடப்பட்டது.

குளிகையால் திசுவை வெட்டி எடுக்க முடியாது. ஐயம் எழுந்தால் எண்டோஸ்கோப்பே தேவை. ஆனால் அது யாருக்குத் தேவை என்பதை முன்கூட்டியே பிரித்துக் காட்டினால், அதுவே பல உயிர்களைக் காக்கும் முதற்படியாகலாம் அல்லவா?