புளோரன்ஸ்: தெரு மாடங்களும் தெருக்கலையும்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத் தெருமுனைகளில் மாதா உருவம் தாங்கிய சுவர்மாடங்கள் இன்றும் உண்டு. உள்ளூரார் தபெர்னாகொலோ என்பர். தெருவிளக்கு வருமுன் இரவில் வழிகாட்டியவை இவற்றின் விளக்குகளே. பழைய நகரம் 1982இல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமானது. அங்கே கல்லில் வண்ணம் பூசுவது நடவாத காரியம். எனவே கலைஞர்கள் இடுக்கு தேடினர். புளப் என்ற புனைபெயர்க்காரர், தாந்தே, மோனாலிசா போன்றோரை நீருக்கடியில் முக்குளிப்புக் கண்ணாடியுடன் தாளில் தீட்டி, எரிவாயு மீட்டர்ப் பெட்டிக் கதவுகளில் ஒட்டுகிறார். சட்டமிட்ட அச்சிறு கதவுகள், தள்ளி நின்று பார்த்தால், மாடங்களேதான். பிரெஞ்சுக்காரரான கிளெட் அப்ரகாம் இன்னும் துணிச்சல்காரர்: முட்டுச்சந்துப் பலகையின் ‘டி’ குறியில் இயேசுவையே அறைந்துவிட்டார். வெறும் ஒட்டுத்தாள்தான், பலகையின் பொருள் மட்டும் அப்படியே தெரியும்.