இம்மி: ஒரு பின்னத்தின் வரலாறு

மிகச் சிறிய அளவைச் சுட்டத் தமிழில் எள், தினை, துளி, அணு எனச் சொற்கள் பல வழங்கினும், இம்மி என்னும் சொல் அவற்றுள் தனித்து எண்ணத்தக்கது. இன்று அளவிட முடியாத சிறுமையைக் குறிப்பதாகக் கருதப்படும் அச்சொல், பழந்தமிழ்க் கணக்கில் திட்டமான மதிப்புடைய ஒரு பின்னமாக விளங்கியது.

ஒன்றுக்குக் குறைந்த எண்களைத் தமிழ்க் கணக்கர் கீழ்வாயிலக்கம் என்றனர். அரை, கால், அரைக்கால், மாகாணி என இறங்கும் இவ்வரிசையில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகும். முந்திரிக்கும் கீழே செல்ல வேண்டியபோது, அதையே ஒன்றாகக் கொண்டு, ‘கீழ்’ என்னும் அடைமொழியுடன் பழைய பெயர்களையே மீண்டும் அடுக்கினர். ஆகவே கீழ்முந்திரி என்பது 1/320-இல் 1/320, அதாவது 1/102400. கணக்கதிகாரம் முதலிய பழங்கணக்கு நூல்களின் மரபில் இதன் 21-இல் ஒரு கூறே இம்மி. இம்மியின் 11-இல் ஒரு கூறு மும்மி. மும்மியின் 7-இல் ஒரு கூறு அணு.

இம்மியின் மதிப்பு 1/1075200 என்று சில பட்டியல்களில் காணப்படுகிறது. ஆயின், மேற்கண்ட வாய்பாட்டின்படி பெருக்கினால் இம்மி 1/2150400 எனவும், மும்மி 1/23654400 எனவும் வருகின்றன. அதே பட்டியல்கள் மும்மிக்குத் தரும் மதிப்பும் இதுவே ஆதலால், 1/2150400 என்பதே பொருத்தமுடையது.

இத்தகைய நுண்பின்னங்கள் ஏட்டோடு நின்றவை அல்ல. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி விதித்தற்குரிய நிலத்தை முந்திரிக்கும் கீழ்ப்பட்ட கூறுகள்வரை கணக்கிட்டுக் காட்டுகின்றன. வேலி என்னும் நில அளவை ஏறத்தாழ 6.6 ஏக்கர் எனக் கொண்டால், அதில் ஒரு முந்திரி ஏறக்குறைய 900 சதுர அடியும், ஒரு கீழ்முந்திரி 3 சதுர அடிக்குச் சற்றுக் குறைவாகவும், ஓர் இம்மி ஏறக்குறைய 19 சதுர அங்குலமும் ஆகும். அஃதாவது, ஓர் உள்ளங்கை பதியும் இடம்.

இச்சொல்லுக்கு மத்தங்காய்ப் புல்லரிசி என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. நாலடியார், இம்மியரிசி அளவேனும் நாள்தோறும் பிறர்க்குக் கொடுத்து உண்ணுமாறு ஈகை அதிகாரத்தில் அறிவுறுத்துகிறது. ஈண்டு இம்மி, கொடுக்கக்கூடிய ஒரு சிறு பொருளின் அளவாகவே நிற்கிறது.

இக்கால வழக்கில் இச்சொல் பெரும்பாலும் எதிர்மறையோடே வருகிறது. ‘இம்மியளவும் ஐயமில்லை’ என்னும்போது சிறுமை மட்டுமே தோன்றினும், ‘இம்மி பிசகாமல்’ என்னும் தொடரில் கணக்கரின் துல்லியம் இன்றும் குன்றாமல் நிற்கிறது. பிசகு நேர்ந்தால் அதை இம்மிவரை எண்ணிக் காட்ட வல்ல ஒரு கணக்கு முறை இருந்ததாலேயே அத்தொடர் பொருளுடையதாயிற்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியாக மனப்பாடம் செய்யப்பட்ட அம்முறை, மேற்கத்திய எண்முறையும் பதின்மப் பின்னமும் பரவியபின் வழக்கொழிந்தது. எனவே, இம்மி முதலிய பின்னங்களை அவற்றின் மதிப்புடனும் வாய்பாட்டுடனும் பள்ளி மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது, தமிழ் கற்பிப்போரும் கணிதம் கற்பிப்போரும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.