லாவோஸின் ஹிஸ்டரியை யாரிடம் கேட்பது?

1/ மருத்துவக் கல்லூரியில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்கும் முன்பே ஒன்று சொல்லித் தருவார்கள். ஹிஸ்டரி எடுப்பது. "என்ன பண்ணுது?" என்று நோயாளியிடமே கேட்கணும், அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதணும். கூட வந்தவர் முந்திக்கொண்டு பேசினால், "இருங்க, அவரே சொல்லட்டும்" என்று நிறுத்தணும்.

2/ நாடுகளின் ஹிஸ்டரிக்கும் இதே விதிதான் என்பது என் எண்ணம். ஆனால் சில நாடுகளுக்கு எப்போதும் கூட வந்தவர்களே பேசிக்கொண்டு இருக்கிறார்கள். அதில் ஒன்று லாவோஸ். அந்த நாட்டைப் புத்தகங்கள் வழியாகத் தெரிந்துகொள்வது எப்படி, எந்தப் புத்தகத்தில் யார் குரல் கேட்கிறது என்பதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

3/ முதலில் அறிமுகம். சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் என்று ஐந்து நாடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கடல் கிடையாது. மீகாங் ஆறுதான் உயிர்நாடி. மக்கள்தொகை 70 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நமக்குப் பிரெட் மாதிரி தெரியாத, கையால் உருட்டிச் சாப்பிடுகிற ஒட்டரிசிச் சோறுதான் அன்றாட உணவு.

4/ 1353-ல் ஃபா ங்கும் என்ற அரசர் சிற்றரசுகளை ஒன்று சேர்த்து லான் சாங் அரசை நிறுவினார். லான் சாங் என்றால் பத்து லட்சம் யானைகள். 1560-ல் செத்தாதிராத் அரசர் தலைநகரை லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியனுக்கு மாற்றினார். அவர் காலத்தில் எழுந்த தாட் லுவாங் தங்கத் தூபிதான் இன்று அந்த நாட்டின் அரசு முத்திரையில் இருக்கிறது.

5/ 17-ஆம் நூற்றாண்டில் சூரிய வோங்சா அரசர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டார். லாவோ மக்கள் பொற்காலம் என்று சொல்வது இதைத்தான். அவருக்குப் பிறகு வாரிசுச் சண்டை. அரசு லுவாங் பிரபாங், வியன்டியன், சம்பாசாக் என்று மூன்றாக உடைந்தது. 1779-க்குள் மூன்றுமே சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், கைக்குள் போய்விட்டன.

6/ இந்த அடிப்படைக்கு இரண்டு புத்தகங்கள் போதும். மார்ட்டின் ஸ்டுவர்ட்-ஃபாக்ஸ் எழுதிய 'எ ஹிஸ்டரி ஆஃப் லாவோஸ்', கிராண்ட் எவன்ஸ் எழுதிய 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் லாவோஸ்'. இருவருமே ஆஸ்திரேலியர்கள், நேர்மையான ஆய்வாளர்கள். ஆனாலும் இது கூட வந்தவர் சொல்லும் ஹிஸ்டரிதான். தேவைதான், ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது.

7/ ஏன்னு கேக்குறீங்களா? ஒரு உதாரணம். வியன்டியனின் கடைசி அரசர் அனுவோங், 1827-ல் சயாமுக்கு எதிராகப் படை திரட்டினார். தோற்றார். 1828-ல் வியன்டியன் தரைமட்டம் ஆக்கப்பட்டது. மக்கள் கூட்டம் கூட்டமாக மீகாங்கின் மறுகரைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அரசர் பேங்காக்கில் கைதியாகவே இறந்தார். 1867-ல் அந்த வழியாக வந்த பிரெஞ்சுப் பயணக்குழு பார்த்தது, காடு மூடிய ஒரு நகரத்தின் இடிபாடுகளை.

8/ தாய்லாந்தின் பழைய வரலாற்று நூல்களில் இதற்குப் பெயர் கிளர்ச்சி. லாவோஸில் இதற்குப் பெயர் விடுதலைப் போர். மயூரி, ஃபெய்ஃபான் என்ற லாவோ வரலாற்றாளர் தம்பதி 1998-ல் 'பாத்ஸ் டு கான்ஃபிளக்ரேஷன்' என்ற நூலில் லாவோ தரப்பிலிருந்து இந்தப் போரை எழுதினார்கள். அதே நிகழ்ச்சி, அதே ஆண்டு, ஆனால் முழுக்க வேறு கதை. 2010-ல் வியன்டியன் ஆற்றங்கரையில் அனுவோங்குக்குப் பெரிய சிலை வைத்தார்கள். அவர் பார்ப்பது மறுகரையை, தாய்லாந்தை.

9/ 1893-ல் பிரான்ஸ் வந்தது. மீகாங் ஆறு எல்லைக்கோடு ஆனது. விளைவு என்ன தெரியுமா? லாவோ மொழி பேசுவோர் இன்று லாவோஸில் இருப்பதைவிட தாய்லாந்தின் வடகிழக்கான ஈசானில்தான் பல மடங்கு அதிகம். ஆற்றின் நடுவில் கோடு போட்டவர்களிடம் இரு கரை மக்களும் என்ன நினைத்தார்கள் என்று யாரும் ஹிஸ்டரி எடுக்கவில்லை.

10/ இப்போ ஒரு டாக்டர் கதை. டாம் டூலி, அமெரிக்கர். 1956-ல் லாவோஸ் போய் வாங் வியங், நாம் தா, பிறகு சீன எல்லை ஓரம் முவாங் சிங் என்று சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் நடத்தினார். 'தி எட்ஜ் ஆஃப் டுமாரோ', 'தி நைட் தே பர்ன்ட் தி மவுண்டன்' என்று இரண்டு புத்தகங்கள் எழுதினார். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோருக்கு லாவோஸ் என்ற பெயரே அவர் மூலம்தான் தெரியும். 1961-ல், 34 வயதில், மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்தார்.

11/ அவர் பார்த்த வைத்தியம் பொய்யில்லை. மலைக்கிராமங்களில் வேறு டாக்டரே கிடையாது. ஆனால் கிராமங்களில் நடப்பதைப் பற்றி அவர் சிஐஏவுக்குத் தகவல் கொடுத்து வந்தார் என்பது பிற்பாடு வெளியான ஆவணங்களில் தெரிந்தது. ஜேம்ஸ் ஃபிஷர் எழுதிய 'டாக்டர் அமெரிக்கா' இதையெல்லாம் நிதானமாகப் பேசும் நூல்.

12/ ஒரு டாக்டராக என்னை உறுத்துவது அவர் புத்தகங்களில் லாவோ மக்கள் இருக்கும் விதம். நோயாளியாக வருவார்கள், குணமாகி நன்றியோடு போவார்கள். அவர்களுக்கென்று அரசியல், வரலாறு, கருத்து எதுவும் இருப்பதாகத் தெரியாது. நல்லவர்கள், அப்பாவிகள், காப்பாற்றப்பட வேண்டியவர்கள். இப்படி ஒரு மக்களைக் காட்டிவிட்டால், அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காக முடிவெடுப்பது சுலபம்.

13/ முடிவெடுத்தார்கள். 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. அதனால் வெளியே சொல்லாமல், 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் சுமார் 5,80,000 முறை குண்டு போடப் பறந்தன. 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகள். சராசரியாகக் கணக்குப் போட்டால் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவு பகலாக, ஒன்பது ஆண்டுகள்.

14/ அதிகம் அடிவாங்கிய இடங்களில் ஒன்று சியங் குவாங் மாகாணத்தின் ஜாடிச் சமவெளி. ஆளுயரத்துக்கும் மேலான பழங்காலக் கல்ஜாடிகள் நூற்றுக்கணக்கில் பரவிக் கிடக்கும் இடம். 1930-களில் மத்லேன் கொலானி என்ற பிரெஞ்சுப் பெண் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, ஈமச்சடங்கோடு தொடர்புடையவை என்று எழுதினார். அங்கே விவசாயிகள் பகலில் குகையிலும் குழியிலும் ஒளிந்து, இரவில் வயல் வேலை பார்த்தார்கள். 1968 நவம்பர் 24-ல் தாம் பியு குகைக்குள் ராக்கெட் பாய்ந்து, ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

15/ இந்த இடத்தில்தான் நோயாளியே பேசும் புத்தகம் வருகிறது. ஃப்ரெட் பிரான்ஃப்மன் என்ற அமெரிக்க இளைஞர், தொண்டு வேலைக்காக 1967-ல் லாவோஸ் போனவர். 1969-ல் ஜாடிச் சமவெளி அகதிகள் வியன்டியனுக்குக் கொண்டுவரப்பட்டபோது முகாமுக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேட்டார். கேட்டதோடு விடாமல், பேப்பரும் பென்சிலும் கொடுத்து அவர்களையே எழுதவும் வரையவும் சொன்னார். 1972-ல் வந்த 'வாய்ஸஸ் ஃப்ரம் தி பிளெய்ன் ஆஃப் ஜார்ஸ்' அப்படிப் பிறந்தது.

16/ எழுதியவர்கள் விவசாயிகள். படங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைவது போலத்தான் இருக்கும். எரியும் வீடு, செத்துக் கிடக்கும் எருமை, ஓடும் அம்மா. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அவர்களுக்கு வந்த துன்பத்தை அவர்கள் வார்த்தையிலேயே, அவர்கள் கையாலேயே எழுதிய கேஸ் ஷீட் அது. உதவி செய்யப்போன இரண்டு அமெரிக்கர்கள், டூலியும் பிரான்ஃப்மனும். ஒருவர் அவர்களுக்காகப் பேசினார். இன்னொருவர் அவர்களைப் பேச விட்டார்.

17/ அந்தப் படங்கள் பல ஆண்டுகள் ஒரு பெட்டியில் கிடந்து, பின்னால் சன்னபா காம்வோங்சா என்ற லாவோ-அமெரிக்கப் பெண் கைக்கு வந்தன. 2004-ல் அவர் 'லெகசீஸ் ஆஃப் வார்' என்ற அமைப்பைத் தொடங்கினார். படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். குண்டு அகற்றும் நிதியைக் கூட்டச் சொல்லி விடாமல் கேட்டார். 2016-ல் வியன்டியன் வந்த ஒபாமா, அவர் பெயரைச் சொல்லி, மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். விவசாயிகள் பென்சிலால் வரைந்த படம் எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க.

18/ இது முடிந்த கதை இல்லை. போடப்பட்டவற்றில் சுமார் 27 கோடி, கொத்துக்குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள். 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை, அதாவது ஏறக்குறைய 8 கோடி மண்ணுக்குள் தங்கிவிட்டன. லாவோ மக்கள் அவற்றை 'பாம்பி' என்பார்கள். டென்னிஸ் பந்து அளவுதான். குழந்தை எடுத்து விளையாடும். விவசாயியின் மண்வெட்டி படும். மேலே அடுப்பு மூட்டினாலும் வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்தோ காயம்பட்டோ இருக்கிறார்கள். வியன்டியனில் கோப் என்ற மையம் இன்றும் செயற்கைக் கால் கை செய்து கொடுக்கிறது.

19/ மருத்துவ மாணவர்களுக்கு ஒரு புத்தகம். ஆன் ஃபாடிமன் எழுதிய 'தி ஸ்பிரிட் கேட்சஸ் யூ அண்ட் யூ ஃபால் டவுன்'. சிஐஏவின் ரகசியப் படையில் லாவோஸின் ஹ்மாங் மலைமக்கள் பலர் சேர்க்கப்பட்டார்கள். 1975-ல் ஆட்சி மாறியதும் நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி கலிஃபோர்னியா போன ஒரு குடும்பத்தின் கைக்குழந்தைக்கு வலிப்பு. டாக்டர்கள் எபிலெப்சி என்றார்கள். பெற்றோர், ஆன்மா பயந்து உடலைவிட்டுப் போய்விட்டது என்றார்கள்.

20/ மொழிபெயர்ப்பாளர் சரியாக இல்லை. மருந்தும் அளவும் மாறிக்கொண்டே இருந்தன. பெற்றோர் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று குழந்தையைச் சில மாதங்கள் பிரித்தே வைத்தார்கள். இரண்டு தரப்புமே அந்தக் குழந்தையை நேசித்தது, ஆனாலும் அது மீளவில்லை. இந்த நோயை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறார் ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர். நோயாளியிடம் கேட்க வேண்டிய அவருடைய எட்டுக் கேள்விகளும் இந்தப் புத்தகத்தில் உண்டு. அந்தப் பெற்றோரிடம் யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

21/ கேட்கணும்னா மொழி வேணும். லாவோ எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க, நமக்கு அது தூரத்துச் சொந்தம். பல்லவர் எழுத்திலிருந்து கெமர் எழுத்து, அந்த மரபில் லாவோ எழுத்து. நாம் 'கே' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு ககரத்தை எழுதுவோம், படிக்கும்போது மாற்றிப் படிப்போம். லாவோவிலும் ஏ, ஐ, ஓ குறிகள் எழுத்துக்கு இடப்பக்கம்தான் வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் முழிக்கும் இடத்தை நாம் சுலபமாகத் தாண்டிவிடலாம். ஆனால் ஆறு தொனிகள் இருக்கு, அங்கே நாமும் முழிப்போம்.

22/ எனக்குப் பிடித்த லாவோ வார்த்தை 'மோ'. டாக்டர் என்று பொருள். ஆஸ்பத்திரி 'ஹோங் மோ'. ஆனால் 'மோ லாம்' என்றால் பாட்டில் தேர்ந்தவர், 'மோ டூ' என்றால் ஜோசியர். ஒரு வித்தையில் கைதேர்ந்த எல்லோருமே மோதான். உடலில் 32 குவான், அதாவது உயிர்ச்சக்திகள், உண்டு. அதில் ஒன்று விலகினால் நோய் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைத் திரும்ப அழைத்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். ஃபாடிமன் புத்தகத்தைப் படித்தபின் இந்த நூலின் அர்த்தம் இன்னும் நன்றாகப் புரியும்.

23/ கடைசியாக, லாவோ மக்கள் தங்கள் ஹிஸ்டரியைத் தாங்களே எழுதிய கதை. மகா சிலா வீராவோங், 1905-ல் ஈசானில் பிறந்தவர். 1935-ல் லாவோ இலக்கணம் எழுதினார். 1957-ல் லாவோஸ் வரலாறு எழுதினார். இன்றைய தேசியக் கொடியை 1945-ல் வடிவமைத்தவரும் அவரே. 'தாவ் ஹுங் தாவ் சுவாங்' என்ற பழைய லாவோ காவியத்தின் சுவடியை 1940-களில் அவர் எங்கே கண்டெடுத்தார் தெரியுமா? பேங்காக் தேசிய நூலகத்தில்!

24/ அவர் மகள் தாரா கன்லயா, லாவோ தேசிய நூலகத்தின் சுவடிப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்தினார். 1992 முதல் 2004 வரை, ஜெர்மனி நிதி உதவியோடு, எல்லா மாகாணங்களிலும் 800-க்கும் மேற்பட்ட விகாரைகளில் தேடி, ஏறக்குறைய 86,000 சுவடிகளைப் பட்டியலிட்டார்கள். எழுத்தாணியால் கீறிக் கரி தடவிய ஓலைகள். சமய நூல், சட்டம், கதை, மருத்துவம் எல்லாம் உண்டு. 12,000-க்கும் மேற்பட்டவற்றின் படங்கள் 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குண்டு விழுந்த அதே நாட்டில், அதே ஊர் விகாரைகளில் இவ்வளவு மிஞ்சி இருந்தது.

25/ எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் வரிசை இது. முதலில் எவன்ஸ். அடுத்து ஜாடிச் சமவெளி மக்கள் எழுதிய புத்தகம். பிறகு உதின் பூன்யாவோங்கின் 'மதர்ஸ் பிலவ்ட்' சிறுகதைகள். லாவோவும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும், மொழி பழகவும் உதவும். துப்பறியும் கதை பிடிக்குமென்றால் காலின் காட்டரிலின் 'தி கரோனர்ஸ் லஞ்ச்' படிங்க. 1976 வியன்டியன், 72 வயது டாக்டர் சிரி, விருப்பமே இல்லாமல் பிணப் பரிசோதனை அதிகாரி ஆக்கப்படுகிறார். எழுதியவர் வெளிநாட்டவர்தான். ஆனால் சிரியைப் பேச விட்டிருக்கிறார்.

26/ டூலியையும் படிங்க, ஆனால் கடைசியில். நோயாளி சொன்னதைக் கேட்ட பிறகு கூட வந்தவர் சொல்வதைக் கேட்டால், எது உண்மை, எது அவர் சேர்த்தது என்று நமக்கே தெரிந்துவிடும்.