விளக்கைப் போடச் சொன்ன அட்மிரல்

இரண்டாம் உலகப் போரை வகுப்பறையில் நாம் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். பேர்ள் ஹாபர், ஹிரோஷிமா, அத்தோடு சரி. இடையில் நின்ற மனிதர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அமெரிக்க அட்மிரல் மார்க் மிட்ச்சர் அப்படி விடுபட்ட ஒருவர்.

கடற்படைக் கல்லூரியில் அவர் கெட்டிக்கார மாணவர் அல்ல. 1904இல் சேர்ந்தார், 1906இல் விலக நேர்ந்தது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 1910இல் கடைசி வரிசைக்காரர்களில் ஒருவராகத் தேறினார். (பெற்றோர் கவனிக்கவும்!) 1916இல் விமானியானார். அமெரிக்கக் கடற்படையின் 33ஆவது விமானி அவர்தான். 1919இல் அத்திலாந்திக்கைக் கடக்கப் புறப்பட்ட மூன்று கடல் விமானங்களுள் ஒன்றில் இருந்தார். அசோர்ஸ் தீவுகளுக்கருகே மூடுபனி. கடலில் இறங்கியது, மறுபடி எழும்ப முடியவில்லை. கிரேக்கக் கப்பலொன்று வந்து காப்பாற்றியது.

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் நமது திருகோணமலையில் குண்டு போட்டன. ஒன்பதாம் நாள், மிட்ச்சர் கப்டனாக இருந்த 'ஹோர்னெட்' கப்பலிலிருந்து 16 விமானங்கள் யப்பானைத் தாக்கப் பறந்தன. இலங்கைக்கு வந்த அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஜூன் மாதம் மிட்வேயில் மூழ்கின. ஆனால் அவற்றை மூழ்கடித்தவை வேறு கப்பல்களின் விமானங்கள். ஹோர்னெட்டின் குண்டுவீச்சு விமானங்கள் எதிரியைக் காணாமலே திரும்பின. அதன் 15 டோர்பிடோ விமானங்கள் மட்டும் கண்டுபிடித்தன. போன 30 பேரில் உயிரோடு மிஞ்சியது ஒருவர். அன்று ஹோர்னெட்டின் விமானங்கள் எந்தத் திசையில் அனுப்பப்பட்டன என்பதில், மிட்ச்சரின் அறிக்கையை ஆய்வாளர்கள் இன்றும் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1944 ஜூன் 20. பிலிப்பைன் கடல். இப்போது அவர் விமானந்தாங்கிக் கப்பல் அணி முழுவதற்கும் தளபதி. எதிரி இருக்குமிடம் தெரிய வந்தபோது மாலையாகிவிட்டது. அனுப்பினால் திரும்புவது இருட்டில். இரவில் கப்பலில் இறங்கப் பழகியவர்களோ சிலர்தான். தெரிந்துகொண்டே 200க்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பினார். அவை கிளம்பிய பிறகு ஒரு திருத்தம் வந்தது: எதிரி சொன்னதைவிட 60 மைல் தள்ளி. இரண்டாவது அணியை நிறுத்தினார், போனவர்களைத் திருப்பி அழைக்கவில்லை.

இரவு எட்டரை மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தார்கள், எரிபொருள் தீரும் நிலையில். கீழே கப்பல்களெல்லாம் இருட்டில். நீர்மூழ்கி ஒன்று பக்கத்தில் இருந்தால் ஒரு வெளிச்சம் போதும், ஆயிரக்கணக்கானோர் பலி. மிட்ச்சர் விளக்குகளைப் போடச் சொன்னார். தேடொளிகள் வானை நோக்கி நின்றன, துணைக் கப்பல்கள் ஒளிக்குண்டுகளைச் சுட்டன, கண்ட தளத்தில் இறங்கலாம் என்று உத்தரவு போனது. அப்படியும் ஏறத்தாழ 80 விமானங்கள் கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் அழிந்தன. விழுந்தவர்களில் பெரும்பாலானோரை அன்றிரவும் அடுத்த நாட்களிலும் தேடி எடுத்தார்கள். அன்றைய தாக்குதலில் மொத்தம் 49 பேர் திரும்பவில்லை.

அந்த இருட்டுக்குள் அவர்களை அனுப்பியவரும் அவர்தான் என்பதை மறைத்துவிட்டு விளக்கின் கதையை மட்டும் சொல்வது நமக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் 1919இல் நடுக்கடலில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த ஒருவர்தான் அந்த உத்தரவையும் கொடுத்தார்.

1945 மே மாதம் அவர் இருந்த இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்துத் தற்கொலை விமானங்களால் தாக்கப்பட்டன. மூன்றாவதற்கு மாறினார். 1947 பெப்ரவரி 3இல், 60 வயதில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.