மலைப் பள்ளியின் அன்னமும் ஆடுகளமும்

கோடைக்கானலுக்கு மோட்டார்ப் பாதை அமைவதற்கு முந்திய காலத்தில், மதுரைச் சீமையின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறிய பாதிரிமார்கள், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டு வண்டியில் வந்து, அங்கிருந்து கூலியாட்கள் சுமந்த டோலிகளில் ஏறிச் சென்றார்கள். அவர்களைச் சுமந்தவர்களும், மூட்டை முடிச்சுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தவர்களும் அந்த ஏற்றம் முழுவதையும் தங்கள் கால்களாலேயே அளந்தார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ஆம் ஆண்டில் அங்கே முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்து, முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி மோட்டார் வண்டிகள் மலையேறத் தொடங்கும் வரையில், ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் இவ்வாறே கழிந்தது. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குடியேறி வாழ்ந்த பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய கிராமத்தாருக்கோ, நடப்பது ஒரு பயிற்சியாகத் தோன்றியதே இல்லை. சந்தைக்கும் விளைநிலத்துக்கும், விறகுக்கும் தண்ணீருக்கும், உறவினர் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஏறி இறங்குவதே வாழ்வின் நியதியாக இருந்தது.

அந்த மக்களின் ஆகாரமும் மலையை ஒட்டியே அமைந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் அவரையும் விளைநிலங்கள் தந்தன. கீழ்மலையின் காப்பித் தோட்டங்களுக்கு இடையே மலைவாழை பழுத்தது. காட்டையே வீடாகக் கொண்ட பளியர்கள் வள்ளிக்கிழங்கைத் தோண்டியும் தேனெடுத்தும் வாழ்ந்தார்கள். இந்த வாழ்க்கையைப் பொற்காலமென்று போற்றுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். பஞ்சமும் காய்ச்சலும் பேறுகாலத்து மரணமும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலமும் அதுவேதான். ஆயினும் ஒரு விஷயத்தை மறுப்பதற்கில்லை: உண்ட அன்னத்துக்கும் உழைத்த உழைப்புக்கும் இடையே இருந்த சம்பந்தத்தை, எந்த அரசாங்கமும் சட்டம் இயற்றாமலே, மலையின் அமைப்பே காத்து வந்தது. அந்தச் சம்பந்தம் அறுபட்ட பின்னர் அதைக் காக்கும் பொறுப்பு யாரைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் அந்தப் பொறுப்பை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டது, எந்த இடத்தில் தவறவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

பிள்ளையின் தேக நலத்தைக் கருதியே ஒரு பள்ளியை நிறுவும் எண்ணம் இந்த மலையில் வெகு முன்பே பிறந்தது. 1901-ஆம் ஆண்டில், ஹைக்ளெர்க் என்ற பழைய விடுதிக் கட்டடத்தில், மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளைகள் பதின்மூவரைக் கொண்டு தொடங்கிய பள்ளியே, இன்று கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் பெற்று விளங்குகிறது. சமவெளியின் நோய்களிலிருந்து குழந்தைகளைக் காப்பது அதன் முதல் உத்தேசங்களுள் ஒன்று. சோலைகளினூடே பல மைல் தூரம் நடந்து, வெட்டவெளியில் தங்கித் திரும்பும் மலைநடைகள் நாளடைவில் அதன் கல்வியின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டன. மலைவாசிக்கு நிர்ப்பந்தமாக இருந்த நடையை இந்தப் பள்ளி பாடமாக ஏற்றது. ஆனால் அந்தப் பாடம் அதன் மதிலைத் தாண்டி, அதே மலையிலுள்ள ஏழைப் பள்ளிகளை எட்டவில்லை.

அந்தப் பள்ளியின் முதல் தலைவியான மார்கரெட் எட்டி அம்மையாரின் புதல்வர் ஷெர்வுட் எட்டி, இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்துக்காக உழைத்தவர். அந்த இயக்கத்தின் வழியாகவே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920-ஆம் ஆண்டில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். தேகப் பயிற்சி என்றால் வரிசையாக நிறுத்திக் கை கால்களை ஆட்டச் செய்யும் டிரில் என்றே எண்ணியிருந்த பள்ளிகளுக்கு, விளையாட்டின் மூலம் சரீரத்தையும் குணத்தையும் வளர்க்கலாம் என்ற கொள்கையை அந்தக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் கொண்டு சென்றார்கள்.

அதே 1920-ஆம் ஆண்டில், அதே சென்னை நகரில், பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானித்தது. பசித்த வயிற்றோடு எழுத்து ஏறாது என்பதையும், உணவில்லாத பள்ளிக்கு ஏழை தன் பிள்ளையை அனுப்பமாட்டான் என்பதையும் உணர்ந்து செய்த காரியம் அது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்க்கையில் தன் இளைஞர்களின் மெலிந்த உடலைக் கண்டு திடுக்கிட்ட இங்கிலாந்து, 1906-ஆம் ஆண்டில் பள்ளி உணவுக்குச் சட்டம் இயற்றியது. சென்னையோ, போர் வீரர் தேவையை முன்னிட்டன்றி, எழுத்தறிவை முன்னிட்டு அந்த வழியில் இறங்கியது. எனினும் ஆங்கில அரசாங்கம் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய இடங்கொடாமற் போகவே, 1925-ஆம் ஆண்டில் திட்டம் நின்று, பின்னர் குறுகிய அளவில் மீண்டும் தொடங்கியது.

ஒரே ஆண்டில் ஒரே நகரில் தோன்றிய இந்த இரண்டு முயற்சிகளும், ஒன்று அன்னத்தைப் பற்றியதாகவும் மற்றொன்று ஆடுகளத்தைப் பற்றியதாகவும் இருந்தும், ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தன என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்றும் தமிழ்நாட்டில் சத்துணவு சமூக நலத்துறையின் நிர்வாகத்திலும், உடற்கல்வி பள்ளிக் கல்வித்துறையின் நிர்வாகத்திலும் இருக்கின்றன. உண்பதும் ஓடுவதும் ஒரே பிள்ளையின் காரியங்களாக இருக்க, அவற்றின் கணக்குகள் மட்டும் வேறு வேறு கோப்புகளில் தங்கிவிட்டன.

இவ்விரண்டில் அன்னத்தின் சரித்திரம் பெருமைக்குரியது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பைத் துணையாகக் கொண்டு, 1956-ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலிருந்து மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கத்தின் பொக்கிஷம் நிரம்பியிருந்த காலமன்று அது. ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும் காசுமே முதலில் உலையை ஏற்றின. 1961-ஆம் ஆண்டு முதல் கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக வந்த பால் மாவும் எண்ணெயும் தானியங்களும் துணை செய்தன. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், கிராமத்துப் பாலர்களையும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒருங்கே அணைத்து, விரைவில் நகரங்களுக்கும், 1984-ஆம் ஆண்டில் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. 1989-ஆம் ஆண்டில் கருணாநிதியின் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இலையில் விழுந்த முட்டை, 2010-ஆம் ஆண்டில் வாரத்துக்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைத்தது. ஜெயலலிதா காலத்தில் கலவை சாத வகைகள் வந்தன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டத்தில் இடம்பெற்ற 1,545 பள்ளிகளுள், 237 பள்ளிகள் தொலைதூரத்து மலைப் பகுதிகளைச் சேர்ந்தவை. வெவ்வேறு கட்சியினர் ஆண்டும், ஒருவர் மூட்டிய அடுப்பை அடுத்தவர் அணைக்காமல் பெரிதாக்கியே வந்த அரிய நிகழ்ச்சி இது.

இந்த அடுப்பு மலையில் எரிவது எளிதன்று. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் வேகும் நேரத்தில் அங்கே அரிசியும் பருப்பும் வேகா. அரிசியும் எண்ணெயும் முட்டையும் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவர வேண்டும். பாதையில் மண் சரிந்தால் வண்டி நிற்கும். இவ்வளவுக்கும் நடுவே, மழையிலும் பனியிலும், மணியடித்தவுடன் சூடான சோற்றைப் பரிமாறும் அமைப்பாளர்களும் சமையலர்களும் உதவியாளர்களுமே, இந்தச் சரித்திரத்தின் உண்மையான நாயகர்கள்.

பசியை ஓரளவு வென்ற இக்காலத்திலேதான் மறுபுறத்திலிருந்து வேறோர் இடர் வந்து சேர்ந்தது. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில், சந்தைக்காகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் பூண்டும் ஏறின; வீட்டு உலையில் ரேஷன் அரிசி ஏறியது. பாதைகள் நீண்டு பஸ்ஸும் ஜீப்பும் ஊர்தோறும் வந்தன. அவற்றால் நோயாளி ஆஸ்பத்திரிக்கும் மாணவன் உயர்நிலைப் பள்ளிக்கும் போக முடிந்ததை நன்றியோடு நினைக்க வேண்டும். அதே வண்டிகளில், சர்க்கரை கரைத்த பானங்களும் உப்பும் எண்ணெயும் மிகுந்த பொட்டலத் தின்பண்டங்களும் கடைசிக் கிராமத்துப் பெட்டிக்கடை வரையில் வந்து தொங்கியதையும் காண வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்பதாகவும் சொல்கிறது.

மிஞ்சிய எடையும் குன்றிய உயரமும் ஆகிய இந்த இரண்டும் முரண்பட்டவை அல்ல. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் போஷாக்குக் குறைந்த சரீரம், பின்னாளில் மாவும் சர்க்கரையும் மிகுதியாகக் கிடைக்கும்போது கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளவும் நீரிழிவுக்கு ஆளாகவும் எளிதில் இடங்கொடுக்கிறது என்ற கொள்கையை, இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் முதலிய அறிஞர்கள் முன்வைத்தார்கள். எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் எடுத்துக்காட்டினார். ஆகவே, பசிக்குச் சோறிட்டதுதான் பருமனுக்குக் காரணம் என்று சிலர் பேசுவது நியாயமாகாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவுக்குத் தேசிய அளவில் வகுத்த கணக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமுமே. எந்தப் பிள்ளையும் அதனால் பருத்துவிடாது. பள்ளியில் உண்ட சோற்றுக்குப் பின், வாசற்கடையில் வாங்கித் தின்பதும், ஓடாமல் உட்கார்ந்திருப்பதுமே ஆராய வேண்டிய காரணங்கள்.

இங்கேதான் ஆடுகளத்தின் சரித்திரம் நம்மைத் தலைகுனியச் செய்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டுமென்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரையேனும் அது கட்டாயமாக்குவது, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கு மட்டுமே. சிதறிய குடியிருப்புகளில், இருபது முப்பது பிள்ளைகளோடு நடக்கும் மலைப் பள்ளிக்கு இந்த ஏற்பாட்டால் ஓர் ஆசிரியர் கிடைக்க வழியே இல்லை. சரிவான நிலத்தில் சமதளமான ஆடுகளம் அமைவதும் அரிது. பெரிய பள்ளிகளிலோ, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. வகுப்பே. முன்பு பள்ளிக்கு நடந்த நடை வண்டிப் பயணமாயிற்று. பள்ளிக்குள் அதற்கு ஈடு செய்யும் நேரமும் இல்லாமற் போயிற்று.

எப்படி ஈடு செய்வது என்பதில், தமிழர் வாழும் சிங்கப்பூரின் அனுபவம் நமக்கொரு பாடம். 1992-ஆம் ஆண்டில் அந்நாடு பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, பருத்த பிள்ளைகளைத் தனியே பிரித்து, மற்றவர்கள் இடைவேளையில் இருக்கும்போது பயிற்சி செய்ய வைத்தது. நூற்றுக்கு 14 என்றிருந்த பருமன் விகிதம் பத்து ஆண்டுகளில் பத்துக்கும் கீழே இறங்கியது உண்மையே. ஆயினும் பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் ஏளனத்துக்கு ஆளாகி மனம் நொந்ததாக எழுந்த குறைகளுக்குப் பின், 2007-ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளையும் தழுவிய ஆரோக்கியத் திட்டம் வந்தது. எல்லோருக்கும் ஒரே வரிசையில் ஒரே சோறு என்பது நம் பள்ளி உணவின் ஆதார தருமம். தேகப் பயிற்சிக்கும் அந்தத் தருமமே வழிகாட்ட வேண்டும். பருமன் ஒரு பிள்ளையின் குற்றமன்று. அதைத் தனியே நிறுத்தித் திருத்த எவருக்கும் உரிமையில்லை.

கடைத்தெருவை ஒழுங்குபடுத்தச் சட்டம் ஏற்கெனவே உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கலாகாதென்று, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் கோடைக்கானலில் இதை நிறைவேற்றுவது கடினமென்று சொல்பவர்கள், சுற்றுச்சூழலைக் காக்கும் பொருட்டு அதே ஊரில், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடையும், 2024-ஆம் ஆண்டில் புட்டி ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் வந்ததை நினைக்க வேண்டும். சோலைக்காகச் செய்ய முடிந்ததைப் பிள்ளைக்காகவும் செய்ய முடியும்.

அன்னத்தையும் ஆடுகளத்தையும் ஒரே கண்ணால் பார்க்கும் நிர்வாகம் வேண்டும். மலையில் விளையும் கேழ்வரகும் சாமையும் அவரையும் மலைவாழையும் வாரத்தில் சில நாட்களாவது மலைப் பிள்ளையின் தட்டுக்கு வரவேண்டும். நாலைந்து சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் உடற்கல்வி ஆசிரியரை நியமித்து, சமதளம் இல்லாத இடத்தில், 1901-ஆம் ஆண்டுப் பள்ளி செய்ததைப் போல, மலைநடையையே பாடமாக்க வேண்டும். ஊரார் கொடுத்த கைப்பிடி அரிசியால் பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட நாடு, அதே பிள்ளை ஓடி விளையாட நாளைக்கு ஒரு மணி நேரமும் ஒரு துண்டு நிலமும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. முதல் கடமையைப் பணமில்லாத காலத்தில் நிறைவேற்றிய நமக்கு, இரண்டாவதைத் தட்டிக்கழிக்க எந்த நியாயமும் கிடையாது.